பஞ்சு வைக்காத நாற்காலி

ஆணி பிடுங்கும் கம்பியின் பிளவுபட்ட நுனி ரெக்ஸினுக்கு அடியில் நுழைந்தது. இடது கை துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டது. வலது கை மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பியது. ஆணி துள்ளிப்போய்ச் சுவரில் பட்டு விழுந்தது. அடுத்த ஆணி. அதற்கடுத்தது. விரற்கடை இடைவெளி பிசகாமல் வரிசைகட்டி நின்ற ஆணிகள் அவை. அடித்ததும் இதே கைகள்தான். ரெக்ஸின் கிழியாமல் உரித்தெடுக்க அந்தக் கைகளுக்கு நன்றாகவே தெரியும். இன்றைக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. ஒரு முனையைப் பற்றி ஓர் இழுப்பு. முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை பர்ரென்று கிழிந்து கையோடு வந்தது. உள்ளேயிருந்த ஃபோமை விரல்கள் பிடி பிடியாகப் பிய்த்துத் தரையில் போட்டன.

சின்ன நாற்காலி அது. குழந்தைக்குச் செய்தது போல அகலம் குறைவு, முதுகு மட்டும் உயரம். முன்பக்கம் குறுக்கே ஒரு தடுப்புப் பலகை. மரத்தில் பாலிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

சத்தம் கேட்டு, பட்டறையின் மறுபாதியிலிருந்து கையில் உளியோடு ஓடிவந்த தம்பி திகைத்து நின்றான்.

"அக்கா! புது நாற்காலிக்கா அது!"

"தெரியும். வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாரு."

"என்ன ஆச்சு? நாய் போயிருச்சா?"

ஆணிக் கம்பி அவன் காலடியில் வந்து விழுந்தது.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்ன, அடுத்தது உன் மண்டையிலதான் விழும்."

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். சோபா தைக்கிற வளைந்த ஊசி எப்போதும் அவள் சட்டைக் காலரில் குத்தியிருக்கும் என்பது ஒரு காரணம். அவள் வாய் இன்னொரு காரணம். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் அவள் கோபித்துக்கொள்வதில்லை. அது ஒன்றுக்குத்தான் அவளுக்குக் கோபம் வராது.

தொழிலை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இளவயதில் ஒரு பஸ் பணிமனையில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போனாள். கிழிந்த சீட்டுகளை மூலையில் மலைபோலக் குவித்துவைத்திருந்தார்கள். ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து தையல் தையலாக அவிழ்த்தாள். எந்தத் துண்டு எதன் மேல் வருகிறது, எந்த முடிச்சு எதைத் தாங்குகிறது என்று சுண்ணக்கட்டியால் தரையெல்லாம் வரைந்துவைத்தாள். மறுபடி தைத்தாள். கோணலாக வந்தது. மறுபடி அவிழ்த்தாள். அந்த ஒரு சீட்டை எத்தனை முறை அவிழ்த்துத் தைத்தாள் என்பதற்குக் கணக்கில்லை. கடைசியில் பணிமனை மேஸ்திரி அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "யாரு செஞ்சது?" என்று கேட்டார். அன்றோடு விளக்குமாறு போயிற்று.

பிறகு சோபாக்கள், ஆஸ்பத்திரி பெஞ்சுகள், கார் சீட்டுகள். தம்பி தச்சு வேலை கற்றுக்கொண்டு வந்ததும் இருவருமாக ஒரு நீளமான கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு பாதியில் மரத்தூள், மறுபாதியில் பஞ்சு. மரச்சட்டம் அவன் பொறுப்பு, மற்றதெல்லாம் அவள் பொறுப்பு. தம்பி குடும்பம் மாடியில் இருந்தது. அவள் கொட்டகையின் பின்னறையில் தனியாக இருந்தாள்.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். உட்கார்கிறவன் உடம்பு அமிழ வேண்டும். ஆள் வந்தால் முதலில் ஸ்டூலில் உட்காரவைப்பாள், முழங்காலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், இடுப்பு வளைவை விரலால் அளப்பாள். அதற்கேற்ப எங்கே கெட்டி, எங்கே இளக்கம் என்று ஃபோமை அடுக்குவாள். பழைய ஃபோமையே உள்ளே வைத்து மேலே மட்டும் புதுத் துணி போட்டுக் கொடுக்கச் சொன்ன ஒருவரின் சோபாவை, அவரோடு சேர்த்து நடுத்தெருவில் வைத்தாள். "உள்ள குப்பை, வெளிய பட்டுத்துணியா? அதுக்கு வேற ஆளைப் பாருங்க." அவர் போன பிறகும் அரைநாள் திட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவள் நாய் வளர்க்க வந்தது எலிகளால். ஃபோம் சுருள்களுக்குள் எலி குடும்பம் நடத்த ஆரம்பித்தது. பொறி வைத்தும் பயனில்லை. ஒரு நாய் இருந்தால் அண்டாது என்று தம்பிதான் யோசனை சொன்னான். ஊருக்கு வெளியே ஒரு காப்பகம், கைவிடப்பட்ட நாய்களுக்கு. அதை நடத்துகிறவன் நெட்டையான ஒடிசல் ஆள். காலர் எலும்பு இரண்டும் சட்டைக்கு வெளியே வந்து எட்டிப்பார்க்கும்.

கூண்டுகளுக்கு முன்னால் நடந்தபோது எல்லா நாயும் கம்பியில் விழுந்து குரைத்தன. ஒன்று மட்டும் குரைக்கவில்லை. பழுப்பு நிறம், மடிந்த ஒரு காது, மெலிந்த உடம்பு. அது பின்சுவரில் முதுகை ஒட்டி, பின்னங்கால் மேல் நிமிர்ந்து, தாடையை மேலே தூக்கி உட்கார்ந்திருந்தது. காவலுக்கு நிற்கிற சிப்பாய் தோற்றான்.

"இவன் ஏன் இப்படி உக்காந்திருக்கான்?"

"அவன் பழக்கம்க்கா அது. ரொம்ப சாது."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

நெட்டையன் கூண்டைத் திறந்து உள்ளே போனான். குனிந்து நாயின் மடிந்த காதைச் சொறிந்துகொடுத்தான். அப்புறம் சொன்னான்: "வண்டியில போனா கொஞ்சம் கக்குவான். மத்தபடி தங்கம்."

வண்டியில் கக்கியது. சரி, சொன்னானே என்று துடைத்தாள். வீட்டுக்கு வந்தும் கக்கியது. மறுநாளும், அதற்கு மறுநாளும். சாப்பிட்டது சாப்பிட்டபடியே, மென்றதும் மெல்லாததுமாக, குழாயிலிருந்து நழுவியது போல வெளியே வந்து விழும். ஓங்கரிப்பு கூடக் கிடையாது. குனியும், விழும், அவ்வளவுதான். பிறகு வெட்கப்பட்ட மாதிரி சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். "நாளைக்கு உலகம் அழியப் போற மாதிரி ஏன்டா அள்ளி விழுங்குற?" என்று அவள் திட்டினாள். கொஞ்சமாக வைத்துப் பார்த்தாள். கொஞ்சமும் வெளியே வந்தது. எலி பிடிக்க வந்த நாய், எலியைப் பார்த்தாலும் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் படுத்திருந்தது.

கால்நடை டாக்டர் ஓர் இளம்பெண். படம் எடுத்து வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்.

"இது வாயிலேர்ந்து வயித்துக்குப் போற குழாய். மத்த நாய்ங்களுக்கு இது பிழிஞ்சு பிழிஞ்சு சாப்பாட்டைக் கீழே தள்ளும். இவனுக்குப் பழைய சாக்ஸ் மாதிரி தொளதொளன்னு கிடக்கு. உள்ள போனது அப்படியே நிக்கும். குனிஞ்சா வெளிய வந்துரும்."

"என்ன மருந்து?"

"இதைச் சரி பண்ற மருந்து கிடையாது. பொறந்ததிலேர்ந்தே இருக்கு. ஆனா வாழ வைக்கலாம். குழைவா அரைச்சு, நிமிர்த்தி உக்கார வெச்சு ஊட்டணும். முதுகு நெட்டுக்குத்தா இருக்கணும். முடிஞ்சப்புறமும் அரை மணி நேரம் அப்படியே வெச்சிருங்க. தானா இறங்கும். இவன் இருக்கற வரைக்கும் தினமும், ஒவ்வொரு வேளைக்கும் இதான்."

"இருக்கற வரைக்குமா?"

"ஆமாங்க. இதுல லீவு கிடையாது."

மற்றதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. பிறந்ததிலிருந்தே. அப்படியென்றால் அந்த நெட்டையனுக்குத் தெரியும். காதைச் சொறிந்துகொண்டே யோசித்தானே, அந்த நேரத்தில் தெரிந்துதான் யோசித்தான். தெரிந்தே அவள் தலையில் கட்டியிருக்கிறான். வழி முழுக்க ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வண்டி ஓட்டினாள். பின்சீட்டில் நாய் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது.

"திருப்பிக் கொண்டுபோய் விட்டுரலாம்க்கா" என்றான் தம்பி.

"திருப்பி விடறதுக்கு இவன் என்ன சோபாவா?"

"நீ சோபாவையே திருப்பி அனுப்பறவதானே."

"அவன் என்னை ஏமாத்தினான். அதுக்கு இவன் என்னடா பண்ணுவான்? திருப்பிக் கொண்டுபோனா அந்த நெட்டையன் இன்னொருத்தி கிட்டயும் இதே பொய்யைச் சொல்லுவான். அவ வெளிய தள்ளுவா. இவன் கக்கிக் கக்கிச் சாவான். போ, போய் மரத்தை எடு."

தம்பி சிரித்தபடியே மரம் எடுத்தான். "நாற்காலி போடணும், முன்னால பலகை வைக்கணும், ஆள் நின்னு ஊட்டி விடணும். துரைதான் போ!" அன்றிலிருந்து நாய்க்குத் துரை என்றே பெயர் நிலைத்தது.

சட்டம் கூட்டும்போதே வாக்குவாதம் வந்தது.

"முதுகை ரெண்டு விரல் பின்னால சாய்."

"டாக்டர் நேரா இருக்கணும்னு சொன்னாங்கன்னு நீதானே சொன்ன?"

"டாக்டர் எத்தனை நாற்காலி செஞ்சிருக்காங்க? குச்சி மாதிரி நிக்கற முதுகுல எந்த ஜீவன் அரை மணி நேரம் உக்காரும்? இடுப்பு விட்டுரும். நான் சொல்றதைச் செய்."

அவன் செய்தான். அவள் தரையில் உட்கார்ந்திருந்த துரையை, ஆள் அளக்கிற மாதிரியே அளந்தாள். அடியில் ஸ்பிரிங், அதன்மேல் கெட்டி ஃபோம், அதன்மேல் இளகிய ஃபோம். முதுகில் மூன்றடுக்கு. துடைக்க வசதியாக ரெக்ஸின். வெறும் பலகையைத் தன் கையால் வெளியே விடுவது என்பது அவளால் நினைத்தும் பார்க்க முடியாத விஷயம். முடிந்ததும் துரையைத் தூக்கி வைத்தாள். அது அமிழ்ந்தது. பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடியது. தெருவில் போனவர்கள் எல்லோரும் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கக்குவது பாதியாகக் குறைந்தது. அவள் அதை முழு வெற்றியாக எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரத்திலும் துரை நாற்காலியை விட்டு இறங்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அவள் பெருமைப்பட்டாள். இந்த ஆரவாரத்தில், சாப்பிட்ட பிறகு அதன் தொண்டையில் கொளகொளவென்று ஒரு சத்தம் கேட்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் துரை எழுந்திருக்கவில்லை. இருமல். மூக்கு கொதித்தது. விலா இரண்டும் துருத்தி போல ஏறி இறங்கின.

"சாப்பாடு நுரையீரலுக்குப் போயிருக்கு" என்றார் டாக்டர். "இங்கயே இருக்கட்டும், பாக்கறேன். இந்தத் தடவை பொழைச்சாலும் இன்னொரு தடவை தாங்க மாட்டான். நிமிர்த்திதானே உக்கார வெக்கறீங்க? முதுகு நேரா இருக்கா?"

"இருக்கு" என்று யோசிக்காமல் சொன்னாள். "ராஜா மாதிரி உக்கார வெக்கறேன்."

ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீட்டுக்குப் போகிற பக்கம் வண்டி திரும்பவில்லை. காப்பகத்துக்குத் திரும்பியது.

கேட்டை ஓர் உதை உதைத்துத் திறந்தாள். நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. முன்கட்டில் யாரும் இல்லை.

"யோவ்! நெட்டை! எங்கய்யா ஒளிஞ்சிருக்க?"

பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இங்க வாங்க. என்னால வர முடியாது."

சமையலறை போலிருந்த ஒரு சின்ன அறை. நெட்டையன் நடுவில் நின்றுகொண்டிருந்தான். தோளில் ஒரு நாய். முன்னங்கால் இரண்டும் அவன் தோளுக்குப் பின்னால் தொங்க, வயிறு அவன் நெஞ்சோடு ஒட்ட, அது நெட்டுக்குத்தாக இருந்தது. பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி அவன் லேசாக அசைந்துகொண்டிருந்தான். அவன் சட்டையின் முதுகெல்லாம் காய்ந்த கறை. நாய்க்குப் பழுப்பு நிறம். ஒரு காது மடிந்திருந்தது.

ஒரு நொடி அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆஸ்பத்திரியில் விட்டுவந்தது இங்கே எப்படி வந்தது?

"அவன் கூடப் பொறந்தவ. பாப்பா" என்றான் அவன். "இறக்கினா கக்கிருவா. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும். திட்டறதா இருந்தா இப்படியே திட்டுங்க."

வழியில் அவள் சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் மறந்துபோயின. அப்புறம் பொங்கியது வேறொன்று.

"அப்போ உனக்குத் தெரியும். வியாதி இருக்குன்னு மட்டும் இல்ல. எப்படித் தூக்கி வெச்சுக்கணும்னும் தெரியும். தினமும் இதைச் செஞ்சுக்கிட்டு இருந்திருக்க. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு? வண்டியில போனா கக்குவானாம்! அவன் அங்க மூச்சு விட முடியாமக் கிடக்கறான்யா!"

அவன் அசைவது நின்றது. "பொழைச்சிருவானா?"

"நீ கேக்காத. உனக்குக் கேக்கற யோக்கியதை கிடையாது."

"இல்லதான்." அவன் மறுபடி அசையத் தொடங்கினான். "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாங்க. கேக்கறவங்ககிட்ட எல்லாம் முதல்ல உண்மையைத்தான் சொன்னேன்க்கா. பாவம்னு சொல்லித் தடவிக் கொடுத்துட்டு அடுத்த கூண்டுக்குப் போயிருவாங்க. ஒருத்தர் மிச்சமில்லாம. ரெண்டையும் தோள்ல போட முடியல என்னால. ஒருத்தியைத் தூக்கிட்டு நிக்கறப்போ அவன் அந்தச் சுவத்துல ஒட்டிக்கிட்டுக் காத்திருப்பான். நீங்க பாத்தீங்கல்ல? அவனாவே கத்துக்கிட்டது அது."

"அதுக்காகப் பொய் சொல்லுவியா?"

"சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தா கொண்டு போயிருப்பீங்களா?"



 கொண்டு போயிருப்பேன் என்று சொல்ல ஊசி வாயைத் திறந்தாள். எலி பிடிக்க நாய் தேடி வந்தவள் அவள். கூண்டுக்கு முன்னால் நின்று உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டவள் அவள்தான். அது ஞாபகம் வந்ததும் அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"தெரியாதுய்யா" என்று கத்தினாள். "எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்கவே விடாமப் பண்ணிட்டியே, அதான் எனக்கு வயித்தெரிச்சல்! கொண்டு போறேன்னா கொண்டு போறேன், மாட்டேன்னா மாட்டேன். அதை நான்ல சொல்லணும்? எனக்குப் பதிலா நீ யாரு முடிவு பண்றதுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "திருப்பி விடறதா இருந்தா... அவன் கூண்டு காலியாத்தான் இருக்கு."

"திருப்பி விடறதாம்! வாயைக் கழுவு!"

அவள் வெளியே போகத் திரும்பினாள். போகவில்லை. கண் மட்டும் அந்த நாயின் முதுகிலேயே நின்றது. பாப்பா துரையை விட நன்றாகச் சதை பிடித்திருந்தது. சாப்பிட்டு முடித்து இவ்வளவு நேரமாகிறது; தொண்டையில் அந்தக் கொளகொளச் சத்தம் இல்லை.

"ஏன்யா, இவ கக்கறதே இல்லையா?"

"தோள்ல வெச்சு ஊட்டினா இல்ல. எப்பவாவது அசதியா இருந்து நான் நாற்காலியில சாஞ்சு உக்காந்துட்டா வரும். நான் சாஞ்சா இவளும் சாஞ்சிருவா. குழாய் மடிஞ்சிரும் போல."

அவள் கிட்டே போனாள். உள்ளங்கையை நாயின் வயிற்றுக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் நுழைத்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

"ஆடாத. உன்னை ஒண்ணும் கட்டிப்பிடிக்கல."

எலும்பு. விலா எலும்பு வரிசையாகக் கையில் தட்டியது. பலகை மாதிரி நெஞ்சு. அமுக்கினால் இம்மி கூட அமிழவில்லை. நாயின் முதுகெலும்பு அதன்மேல் கொத்தனார் தூக்குக் குண்டு விட்ட மாதிரி நேராக நின்றது.

ரெண்டு விரல் பின்னால் சாய்க்கச் சொன்னது அவள். ஸ்பிரிங் வைத்தது அவள். துரை அமிழ்ந்தபோது இடுப்பு குழிந்து, முதுகு கூன் போட்டு, கழுத்து முன்னால் விழுந்ததைப் பார்த்துக் குழந்தை தூங்குது என்று ஊரைக் கூப்பிட்டுக் காட்டியதும் அவள்தான். முதுகு நேரா இருக்கா என்று டாக்டர் கேட்டதற்கு என்ன சொன்னாள்?

கையை வெளியே எடுத்தாள். நேராகப் போய் வண்டியில் ஏறினாள்.

கொட்டகைக்கு வந்ததும் வராததுமாக ஆணிக் கம்பியைத் தேடி எடுத்தாள். அவள் கிழித்த சத்தம் கேட்டுத்தான் தம்பி உளியோடு ஓடிவந்து நின்றான்.

"நாய் இருக்கில்ல?" என்று அவன் தணிந்த குரலில் மறுபடி கேட்டான்.

"இருக்கான். நான் கொன்னிருப்பேன், இருந்தாலும் இருக்கான்." கடைசி ஃபோமையும் பிய்த்துப் போட்டாள். ஸ்பிரிங்குகளை வெட்டி எறிந்தாள். சட்டம் மட்டும் எலும்புக்கூடு போல நின்றது. அதை ஓர் உதை உதைத்தாள். "முதுகை நேராக்கு."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"தெரியும். நீ அப்பவே சொன்ன. சொல்லிக் காட்டினா பல்லை உடைப்பேன்."

"நான் எங்கக்கா சொன்னேன்? மட்டம் பாக்கற பலகையை எங்க வெச்சேன்னு கேக்க வந்தேன்."

அவள் ஆயுளில் செய்த வேலைகளிலேயே அவளுக்குப் பிடிக்காத வேலை அது. பக்கம் இரண்டும் பலகை, முதுகு பலகை, அடியும் பலகை. அகலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பக்கவாட்டில் சாய இடம் இருக்கக் கூடாது. பலகை மேல் நேராக ரெக்ஸினை இழுத்து ஒட்டினாள், நடுவில் நூலளவு பஞ்சு கூட இல்லை. அடியில் மட்டும் நழுவாமலிருக்க ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு. கை பழக்கத்தில் ஒருமுறை ஃபோம் சுருள் பக்கம் போயிற்று. "போ அந்தப் பக்கம்" என்று தன் கையையே திட்டினாள். முடிந்ததும் எதிரே நின்று பார்த்தாள். சவப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. அழுகையை அடக்கத் தம்பியைத் திட்டினாள். மரத்தூளைக் கூட்டவில்லை என்று.

துரை பிழைத்து வந்தது. எலும்பும் தோலுமாக, நடையில் தள்ளாட்டத்தோடு. நேராகத் தன் பழைய நாற்காலி இருந்த மூலைக்குப் போய் மோப்பம் பிடித்தது. புதுப் பெட்டியில் தூக்கி வைத்ததும் காலை உதறியது. எகிறிக் குதிக்கப் பார்த்தது. தடுப்புப் பலகையைப் பிராண்டியது. அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த மாதிரிப் பார்வையை, மற்ற கடைகளில் சோபா வாங்கி ஏமாந்து வந்தவர்களிடம்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

"முறைக்காத. எனக்கும்தான் பிடிக்கல. வாயைத் திற."

கூழாக அரைத்ததைக் கரண்டியில் ஊட்டினாள். துரை முகத்தைத் திருப்பியது, பிறகு பசி தாங்காமல் தின்றது. முடிந்த பிறகு அவள் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தடுப்பின் மேல் தொங்கிய இரண்டு முன்னங்கால்களையும் பிடித்துக்கொண்டாள். தம்பி வாளியும் துணியுமாகத் தயாராக நின்றான். துரையின் தொண்டை ஏறி இறங்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது ஓர் ஏப்பம் விட்டது, சரியாக அவள் முகத்தில்.

"மரியாதை கெட்ட நாயே" என்றாள் ஊசி. காலை விடவில்லை.

மறுவேளையும் தங்கியது. அதற்கடுத்த வேளையும். துரைக்குக் கழுத்தில் கொஞ்சம் கனம் ஏறியது. ஒரு நாள் எலி ஒன்றைத் துரத்திக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தது. பிடிக்கவில்லை, ஆனால் துரத்தியது. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. என்ன மாத்தினீங்க?" என்றார்.

"என் புத்தியை" என்று முறைப்பாகச் சொல்லிவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இதற்கெல்லாம் பிறகும் அவள் கோபம் தணியவில்லை. சாப்பாட்டு வேளைக்கு ஸ்டூலில் உட்காரும்போதெல்லாம் அந்தப் பின்னறையும், தோளில் நாயோடு நிற்கிற நெட்டையனும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவளாவது உட்கார்ந்துகொண்டு காத்திருக்கிறாள். அவன் நிற்கிறான். அவனுக்குக் கால் வலித்தால் பாப்பா கக்கும். அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? அதை நினைத்தால் அவன்மேல் இன்னும் எரிச்சல் வந்தது. நினைக்கவைக்கிறானே என்று.

"இன்னொரு சட்டம் கூட்டு" என்று தம்பியிடம் சொன்னாள்.

"எந்தத் துரைக்கு?"

"துரை தங்கச்சிக்கு. துரையை விட ரெண்டு விரல் குட்டை. அன்னிக்கே என் கை அளந்திருச்சு."

இந்த முறை எதையும் பிய்க்க வேண்டியிருக்கவில்லை. நேராக இருந்தது, கெட்டியாக இருந்தது, மூலைகளில் ரெக்ஸின் மடிப்பு கத்தி போல விழுந்திருந்தது. அவள் அதை வண்டியில் ஏற்றினாள். துரை முன்சீட்டில் ஏறிக்கொண்டது.

நெட்டையன் கேட்டருகே வந்து நின்றான். தோளில் பாப்பா இல்லை. தோள் மட்டும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வண்டிக் கதவைத் திறந்து துரை குதித்ததும் அவன் மண்டியிட்டுவிட்டான். துரை அவன் முகம் முழுக்க நக்கியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அக்கா..."

"உன்கிட்ட ராசியாகறதுக்கு வரல. என் கோபம் அப்படியேதான் இருக்கு." அவள் நாற்காலியை வண்டியிலிருந்து இறக்கினாள். "இது பாப்பாவுக்கு."

அவன் அதைச் சுற்றிவந்தான். அடிப்பலகையைக் கையால் அமுக்கிப் பார்த்தான். "பஞ்சே இல்லையேக்கா."

"உன் நெஞ்சுல இருக்கா? அதுல வளர்ந்தவதானே அவ."

அவன் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "பின்னறையில சுவரோரமா போட்டுக்கறேன். அங்க..."

"பின்னறையில போட்ட, நானே தூக்கிட்டுப் போயிருவேன். இங்க. கேட்டுக்கு நேரா. உள்ள வர்றவன் கண்ணுல முதல்ல இதுதான் படணும். இது என்னன்னு கேப்பான். நீ சொல்லணும். பாப்பாவை இதுல உக்கார வெச்சு, அவன் முன்னால ஊட்டணும். அரை மணி நேரம் அவனையும் நிக்க வைக்கணும். அதுக்கப்புறம் வேணும்னா வேணும்னு சொல்லட்டும், வேணாம்னா ஓடட்டும். ஓடறவன் ஓடட்டும்யா, நீ ஏன் கதவைச் சாத்தி வெச்சுக்கிட்டுப் பொய் சொல்ற?"

"எல்லாரும் ஓடிட்டா?"

"அப்போ அவளுக்கு நாற்காலி இருக்கு. உனக்குக் கால் வலிக்காது."

 அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கப் போனான்.

"அங்க பிடிக்காத! எந்த நாற்காலியையும் முதுகைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது, மூட்டு விட்டுரும். அடியில கையைக் குடு. ரெண்டு கையும்."

அவன் குனிந்து இரண்டு கையையும் அடியில் கொடுத்தான். அவள் தன் பக்கத்தைத் தூக்கி, அவன் பிடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டு, விட்டாள்.